கார்த்திகை தாண்டி வைத்த கத்தரி

இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கடைசி. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயரிங் கட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். கல்யாணமாகி வந்தபோது, "ஓசூர்ல ஃபேனே தேவைப்படாது" என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். டிசம்பர் மாதம் விடியற்காலை ஐந்தேகால் மணிக்குப் பனிக்குள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெருமையின் லட்சணம் தெரியும். சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கணவரின் ஜெர்கின், தலையில் குரங்குக் குல்லா, செருப்புக்குள் சாக்ஸ் என்று நான் நிற்பதைப் பார்த்துத் தெருநாய்கூடக் குரைக்கும்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் பாகலூரிலிருந்து வரும் ஒரு அக்காவுக்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். அந்தக் குளிரிலும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர்தான் போட்டிருப்பார். நான் அவரைப் பாகலூரக்கா என்பேன். அவர் என்னைக் கம்பத்துக்காரி என்பார். லைனிலும் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த இடம் என்பதால் நாள் முழுக்கச் சண்டைதான், செல்லச் சண்டை.

"இன்னா கம்பத்துக்காரி, இதுக்கே நடுங்குறே? இது குளிரே இல்ல. மார்கழி பொறக்கட்டும், அப்ப பாரு."

"எங்க ஊர்லயும் குளிர் இருக்குக்கா. ஆனா மனுஷங்க தாங்குற மாதிரி இருக்கும். உங்க ஊர்ல தேங்கா எண்ணெயே உறைஞ்சு போகுது. அப்புறம் மனுஷன் எப்படி இருப்பான்?"

"உங்க ஊரு வெயில்ல திராட்சை எப்பிடி காய்க்குது? கொடியிலயே உலந்த திராட்சையா ஆயிடாதா?"

பேச்சு திராட்சைக்கு வந்துவிட்டால் எங்களை யாராலும் நிறுத்த முடியாது. என் அண்ணனுக்குக் கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். பாகலூரக்கா வீட்டுக்கு ஒரு ஏக்கரில் கல்தூண் பந்தல் போட்ட நீலத் திராட்சை. அந்தப் பழம் கர்நாடகா பக்கத்து ஒயின் கம்பெனி ஒன்றுக்குப் போகும். "வாயில போட்டா கண்ணு தன்னால மூடிக்குது. மனுஷன் திங்க முடியாதுன்னுதான் ஒயின் கம்பெனிக்காரன் அள்ளிட்டுப் போறான்" என்பேன் நான். "அள்ளினு போறான் இல்ல? உங்க பன்னீர் திராட்சைய கேட்டு எந்த கம்பெனி லாரி வந்துச்சி?" என்பார் அவர். இரண்டு பேருமே அதுவரை ஒயினை வாயில் வைத்ததில்லை, முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தத் திராட்சையில் நல்ல ஒயின் வரும் என்று கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி அடித்துக்கொள்வோம்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடவேயில்லை. வழக்கமாக அவர்கள் ஐப்பசியில்தான் கொடிகளைக் கவாத்து செய்வார்கள், அதாவது பழைய கிளைகளை வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இருக்கும் கண்கள் துளிர்த்து, பூத்து, காய்க்கும். மழையால் கவாத்து தள்ளிப்போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. பாகலூரக்கா பஸ்ஸில் சுரத்தில்லாமல் வந்தார். மத்தியானம் கேன்டீனில் என்னவென்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

நிலம் அவர் கணவருக்கும் கணவரின் அண்ணனுக்கும் பொது. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் புனே பக்கம் இருப்பார். அண்ணன்காரர் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாகப் பூஞ்சை நோயிலும் தண்ணீர்ப் பிரச்சினையிலும் அடிபட்டு அலுத்துப் போனவர். சுற்றிலும் நிலங்கள் மனைகளாகிக்கொண்டிருந்த நேரம். கொடியை எடுத்துவிட்டு நாமும் மனை போட்டுவிடலாம் என்றார். பாகலூரக்காதான் மன்றாடி ஒரு போகம் வாங்கியிருந்தார். இந்தக் கோடைக்குக் காய் வந்தால் இன்னும் இரண்டு வருஷம் கொடி நிற்கும். வராவிட்டால் பந்தலைப் பிரிப்பதற்கு அவர் குறுக்கே நிற்கக் கூடாது. அதுதான் பேச்சு.

"இப்பவே வெட்ட வேண்டியதுதானேக்கா?" என்றேன்.

"மழை இன்னும் வுடல, நாலு நாள்ல தீபம் வந்துடும். கார்த்திகை தீபம் தாண்டினா தை முடியற வரைக்கும் கொடியில கத்தரி வெக்க மாட்டோம். எங்க பக்கம் அது பழக்கம்."

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்பது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "கொடி என்னக்கா, மாலை போட்டு விரதமா இருக்கு? எங்க ஊர்ல எந்த மாசம் வெட்டினாலும் பத்தாம் நாள் கண்ணு முழிச்சுடும். இப்ப வெட்டினா சித்திரையில காய். கோடையில வர்ற பழத்துக்கு ஆள் அடிச்சுக்குவாங்க. உங்க ஊர்க்காரங்க குளிருக்குப் போர்த்திக்கிட்டுத் தூங்குறதுக்குச் சாக்கு சொல்றாங்க."

கம்பத்தில் அப்படித்தான் நடக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் எனக்குத் திராட்சையைப் பற்றி என்ன தெரியும்? அண்ணனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததும், வரப்பில் உட்கார்ந்து பழம் தின்றதும்தான் என் அனுபவம். வாய் மட்டும் பத்து ஏக்கர்க்காரி மாதிரி பேசியது. பாகலூரக்கா டிபன் பாக்ஸை மூடினார். விளையாட்டுக்குச் சொன்னதை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார் என்று நான் நினைக்கவில்லை.

தீபம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். போனால் இரண்டு ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். "நீ சொன்னதுதான் சரின்னு பட்டுச்சி. அந்த ஒரு போகத்த வுட்டா எனக்கு வேற வழியில்ல" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அக்கா, நான் சும்மா சொன்னேன், எதற்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்' என்றிருக்கலாம். அதைவிட்டுக் கத்தரியை வாங்கி, "எங்க ஊர்ல இப்படித்தான் வெட்டுவாங்க" என்று நாலு கொடியை நானே வெட்டிக் காட்டினேன்.

பத்தாம் நாள் வந்தது. "என்னக்கா, கண்ணு முழிச்சுதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் நாள். வெட்டியது வெட்டியபடியே இருந்தது. முதலில் அவரும் கிண்டல்தான் செய்தார், "உங்க ஊரு பத்து நாளு எங்க ஊரு இருபது நாளு போல" என்று. பிறகு அந்தக் கிண்டல் நின்றுபோனது. கேன்டீனில் நாங்கள் இருவரும் வாய் பேசாமல் சாப்பிடுவதைப் பார்த்து, ஏதோ மனஸ்தாபம் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்து குளிர் இறங்கியது. அதுவரை எனக்குக் குளிர் என்றால் என் காதும் மூக்கும்தான். இப்போது காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடி வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பேன். உறைந்திருந்தால் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாது. டிவியில் செய்தி முடிந்து வெப்பநிலை சொல்லும்வரை சேனலை மாற்ற விடமாட்டேன். "நீ என்ன வானிலை ஆபீஸ்ல சேர்ந்துட்டியா?" என்றார் கணவர். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கெதற்கு இந்த வேலை என்று கேட்பார்.

பதினெட்டாம் நாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். சிநேகிதி ஒருத்தர் கார்த்திகை தீபம் முடிந்ததும் கவாத்து செய்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த ஊர்க் குளுருக்குக் கொடி தூங்குமே! எவன் வெட்டச் சொன்னது?"

"யாரோ சொன்னாங்களாம்ண்ணே."

"கண்ணு முழிக்க ஒரு மருந்து இருக்கு. அதை வெட்டுன ரெண்டு நாளைக்குள்ள தடவணும். இனிமே தடவி என்ன செய்ய? வெயில் ஏறுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். தாங்குனா தாங்கும்."

யாரோ சொன்னார்களாம்! சொந்த அண்ணனிடமே அப்படிச் சொன்னவள் நான். மருந்து விஷயத்தைப் பாகலூரக்காவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு போன் செய்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிடுமே என்ற பயம். அண்ணன் காத்திருக்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பாகலூர் பஸ் பிடித்துப் போனேன். கல்தூண்களுக்கு மேலே ஒரு ஏக்கர் முழுக்க வெறும் குச்சிகள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்போம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் பச்சை தெரியும், அடுத்ததில் தெரிவதுபோல இருக்கும், அதற்கடுத்ததில் எனக்குப் பச்சையும் அவருக்குப் பழுப்பும் தெரியும். நான் வெட்டிய நாலு கொடிப் பக்கம் மட்டும் போகவே மாட்டேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நாங்கள் அப்படிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பாகலூரக்கா கணவரின் அண்ணன் வந்தார். அந்த அக்கா அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கு வீட்டு முறை. வேற்று ஆள் நான் இருப்பதைப் பார்த்து அவர் தமிழிலேயே பேசினார். வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒரு குச்சியை ஒடித்தார், அது சடக்கென்று ஒடிந்தது.

"கார்த்திகை தாண்டி கத்தரி வெக்கறது நம்ம பழக்கமாம்மா? யார் சொன்னாங்க உனக்கு?"

அந்த அக்கா கொடுத்த காபி டம்ளர் என் கையில் இருந்தது. அந்த அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல பாவா. நானாதான் செஞ்சேன்."

"நாப்பது வருஷமா செய்யாதத நீயா செஞ்சியா?"

"ஆமாம் பாவா. எனக்குதான் புத்தி அப்பிடி போச்சி."

அவர் ஒடித்த குச்சியைக் கீழே போட்டார். பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை ஜேசிபி வரும், தூண்களை எடுத்து அடுக்கிவிடலாம் என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அந்த அக்காவும் பேசின பேச்சு பேச்சுதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் காபியைக் குடித்து முடித்தேன். 'நான்தான் சொன்னேன் ஐயா' என்று மூன்று வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? தொண்டை வரை வந்தது. பாவாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

பொங்கலுக்குக் கம்பம் போனேன். வழியெல்லாம் பச்சைப் பந்தல்கள், கொத்துக் கொத்தாகக் காய். அண்ணன் வீட்டில் ஒரு தட்டு நிறையப் பழம் வைத்தார்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று அண்ணன் கேட்டபோது, ஜேசிபி வரப்போவதைச் சொன்னேன். யார் வெட்டச் சொன்னது என்பதை அப்போதும் சொல்லவில்லை.

அண்ணன் யோசித்தார். "வெயில் நல்லா ஏறுனப்புறம் நுனியில ஒரு இன்ச்சு புதுசா வெட்டிப் பாக்கச் சொல்லு. வெட்டுன எடத்துல தண்ணி சொட்டுச்சுன்னா வேரு முழிச்சிருச்சு, பத்து நாள்ல துளுத்துரும். சொட்டலைன்னா விட்டுரச் சொல்லு."

அன்றைக்கு வியாழக்கிழமை. அந்த அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வருவதாகக் கணவரிடம் சொல்லியிருந்த நான் அன்றே பஸ் ஏறினேன். சேலம் தாண்டித் தொப்பூர் மேடு ஏறும்போது குளிர ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியில் கண்டக்டர் பஸ் கதவைச் சாத்தினார். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஓசூரில் இறங்கியபோது எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை, அப்படிப் பனி. இந்தப் பனியில் எந்த வேர் முழிக்கும் என்று அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமல், பையோடு பாகலூர் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது ஜேசிபி வந்து வரப்போரம் நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாகலூரக்கா மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறதாம். அண்ணன் சொன்னதை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எழுந்து போய், "பாவா, வெயில் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க" என்று கேட்டார். பாவா பனியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், சரி என்றார்.

எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. என் வாழ்க்கையில் வெயிலுக்காக அப்படி நான் ஏங்கியதில்லை. வெயிலே கதி என்றிருக்கும் ஊரில் பிறந்தவள், ஒரு கைப்பிடி வெயிலுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரைக்குப் பனி மெல்லக் கலைந்தது. டிரைவர் வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்தினார். பத்தே காலுக்கு முதுகில் சூடு உறைத்தது.

அந்த அக்கா கத்தரியை எடுத்து முதல் கொடியின் நுனியை வெட்டினார். காய்ந்து கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஐந்தாவது, ஆறாவது. கத்தரி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். மோட்டார் ரூம் ஓரம், காலை வெயில் முதலில் விழும் வரிசைக்குப் போனோம். வெட்டினார். பாவாவையும் சேர்த்து மூன்று பேரும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஈரமாகப் பளபளத்தது. பிறகு ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, கீழே விழுந்தது. இன்னொரு சொட்டு வந்தது.

அடுத்த கொடியும் சொட்டியது. அதற்கடுத்தது இல்லை, அதற்கடுத்தது சொட்டியது. பாவா அந்தச் சொட்டை விரலில் வாங்கிப் பார்த்தார். வாயில்கூட வைத்துப் பார்த்தார். பிறகு வரப்புக்குப் போய் டிரைவரை வண்டியைத் திருப்பச் சொன்னார். பாகலூரக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தவர், "இந்த வெவரம் யார் சொன்னாங்க?" என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் கேட்ட அதே மாதிரிக் கேள்வி. அந்த அக்கா இந்த முறை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இவங்கதான் பாவா. கம்பத்துலேந்து பஸ் புடிச்சி நேரா இங்க வந்துருக்காங்க, வூட்டுக்குகூட போவல."

"நல்லா இரும்மா. உன்னாலதான் எங்க கொடி பொழச்சுது" என்று அவர் என்னைக் கும்பிட்டார்.

நான் என்ன செய்தேன்? நல்ல பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து சிரித்தேன்.

பாதிக் கொடிதான் துளிர்த்தது. காயும் சுமார்தான். ஆனாலும் வைகாசியில் ஒயின் கம்பெனி லாரி அந்தத் தோட்டத்து வாசலில் வந்து நின்றது. பாவா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், கொடி நின்றது, இன்றுவரை நிற்கிறது. ஒருநாள் பஸ்ஸில், "ஏன்க்கா அன்னிக்கு என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன். "உன்ன சொல்லி இன்னா ஆவப்போவுது? வெட்ட சொன்னது என் வாயி, வெட்டுனது என் தோட்டம். வுடு. அடுத்த மார்கழிக்கு உங்க ஊரு வெயில கொஞ்சம் மூட்டை கட்டி எடுத்துனு வா" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அந்த வேலையை விட்டு நான் பல வருஷமாகிறது. பாவா இன்றைக்கும் ஒவ்வொரு அறுவடைக்கும் எனக்கென்று ஒரு பை பழம் கொடுத்தனுப்புகிறார். என் மகளின் காதுகுத்துக்கு வந்தபோது, "எங்க கொடிய காப்பாத்துன பொண்ணு" என்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அப்போதும் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சிரித்தேன்.

பாகலூரக்கா இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர், படித்ததைப் பாவாவுக்கும் சொல்பவர். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்: ஐயா, அன்றைக்குக் கார்த்திகை தாண்டிக் கத்தரி வைக்கச் சொன்னது நான்தான். பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாராட்டை என் பக்கம் தள்ளிவிட்ட அந்த மனுஷியை நினைத்தால், ஓசூரின் மார்கழிக் குளிரிலும் எனக்கு முகம் சுடுகிறது.